ஏழாவது கேள்விக்கு இரண்டு மார்க்

பின்கட்டில் ஒரு மனிதர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, முன்னறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவது பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு அந்தச் சத்தம் காதில் விழும், மனதில் விழாது. சம்பளத்தோடு சேர்ந்து கிடைத்த வரம் அது.

அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் என் அக்கா ரூபியின் வீடு, சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடு. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் தலையணை, அதன்மேல் விடைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் என்பதால் வீட்டில் கறி கிடையாது. கத்திரிக்காய்க் குழம்பின் வாசனை மட்டும். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து வரும் காற்று வழக்கம்போல ஒரு பிடி மண்ணை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனது.

வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர் அக்கா வீட்டுக்காரர், தாசு மாமா. அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே "இயேசப்பா, இயேசப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் ஏழாவது கேள்விக்கு டிக் போட்டு, இரண்டுக்கு இரண்டு மார்க் எழுதி, அடுத்த தாளை எடுத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். என் அவமானத்தை நேராகச் சொல்ல எனக்கு வாய் வராது, சுற்றி வளைத்துத்தான் வரும். இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். புதிதாக வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து படும் பாடு

வார்டு வேலை முழங்காலைத் தின்ற பிறகு, இங்கே தங்கவயலிலேயே ஒரு நர்சிங் பள்ளியில் பாடம் நடத்தப் போனேன். மருந்தியல். யாரும் எடுக்க விரும்பாத பாடம் என்பதால் எனக்குக் கிடைத்தது.

மருந்தியலில் இரண்டே விஷயம்தான். மருந்து உடம்பை என்ன செய்கிறது, உடம்பு மருந்தை என்ன செய்கிறது. முதல் பாதியைப் பிள்ளைகள் ஆசையாகப் படிப்பார்கள். எந்த மாத்திரை காய்ச்சலை இறக்கும், எது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று கேட்டால் பட்பட்டென்று சொல்வார்கள். இரண்டாம் பாதி என்றால் கொட்டாவி வந்துவிடும்.

விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைய வேண்டும், குடலில் உறிஞ்சப்பட வேண்டும், ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்ற வேண்டும், கல்லீரலில் உடைபட வேண்டும், சிறுநீரில் வெளியே போக வேண்டும். எந்த இடத்தில் வேகம் கூடினாலும் குறைந்தாலும், அதே மாத்திரை வேறு மாத்திரையாகிவிடும். இதைத்தான் வருடா வருடம் தொண்டை கிழியச் சொல்கிறேன்.

ஒருமுறை உள்ளூர்க்காரி என்ற திமிரில் சுரங்கத்தை வைத்தே நடத்திப் பார்த்தேன். "மாத்திரை கேஜுல எறங்குது. கல்லீரல்தான் மில்லு. வர்ற கல்லையெல்லாம் அங்கதான் அரைக்கிறாங்க. மில்லு மெதுவா ஓடினா இன்னா ஆவும்? கல்லு குவியும்" என்றேன். எனக்கே புல்லரித்தது.

முன் வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். "மேடம், கேஜுன்னா எலி புடிக்கிறதா?"

ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிய இரும்புக்கூண்டை அவள் எங்கே பார்த்தாள்? சுரங்கத்தை மூடிய பிறகு பிறந்த பிள்ளைகள். அவர்கள் அப்பன்மார் விடியுமுன் ரயில் ஏறி பெங்களூருக்குப் போய் வருகிறவர்கள். என் அருமையான உவமை அன்றோடு செத்தது.

மூச்சும் மாத்திரையும்

தாசு மாமா சுரங்கம் மூடும் வரைக்கும் உள்ளே பாறையில் துளை போட்டவர். மூடிய பிறகு பெங்களூரில் ஏதோ அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டி. சுரங்கம் அவருக்குக் கொடுத்ததில் இன்றுவரை கூட வருவது நெஞ்சில் படிந்த தூசி மட்டும்தான். பத்தாக்குறைக்குத் தினம் இரண்டு கட்டு பீடி.

மூச்சுக்கு அவர் சாப்பிட்டது தியோஃபிலின் என்ற பழைய மாத்திரை. மூச்சுக்குழாயை விரிக்கும். நல்ல மாத்திரைதான், ஆனால் கயிற்றுமேல் நடக்கிற ஜாதி. ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தால் வேலை செய்யாது, கொஞ்சம் கூடினால் வாந்தி, நடுக்கம், படபடப்பு. இன்னும் கூடினால் வலிப்பு வரும், ஆளையே தூக்கிவிடும். அதனால் இப்போது பல டாக்டர்கள் இன்ஹேலர் என்கிற ஊதல் மருந்துக்குப் போய்விட்டார்கள். மாமாவுக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள்.

"அத்த இழுக்கறதுக்கே மூச்சு வேணும். அவ்ளோ மூச்சு இருந்தா அது எனக்கு இன்னாத்துக்கு?" என்று சொல்லி, அதை அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்துவிட்டார்.

மாத்திரையும் முதலில் போதவில்லை. "கேக்கவே மாட்டேங்குது சார்" என்று போய் நின்றார். டாக்டர் அளவைக் கூட்டினார். மறுபடியும் போய் நின்றார், மறுபடியும் கூட்டினார். அப்புறம் கேட்டது. ஏன் முதலில் கேட்கவில்லை என்று யாரும் யோசிக்கவில்லை. 'யாரும்' என்பதில் மருந்தியல் நடத்தும் அவருடைய மச்சினிச்சியும் சேர்த்தி.

எங்கள் சபையின் நாற்பது நாள்

எங்கள் சபையில் லெந்து வந்தால் ஆளாளுக்கு ஒன்றை விட வேண்டும். பெண்கள் பூ வைப்பதை விடுவார்கள், டிவி சீரியலை விடுவார்கள், அதன் கதையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொள்வார்கள். ஆண்கள் குடியை விடுவார்கள், அல்லது விட்டதாகச் சொல்வார்கள். நான் என் வாயை அடக்குவதாக ஒருமுறை பொருத்தனை செய்தேன். இரண்டாம் நாள் மதியம் வரை தாங்கியது.

தாசு மாமா பீடியை விட்டார்.

முதல் வருடம் ஒரு வாரம் நன்றாகப் போனது. பிறகு தூக்கம் போச்சு, கை நடுங்கியது, சோற்றைக் கண்டால் குமட்டியது, எரிந்து விழுந்தார். பீடி விட்டவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று ஊரே சொன்னது, நானும் சொன்னேன். பீடி ஏக்கத்தைத் தணிக்க அக்கா மணிக்கொரு காபி கொடுத்தாள். காபியும் அந்த மாத்திரையும் ஏறக்குறைய அண்ணன் தம்பி என்று பாவம் அவளுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். நானும் கூட உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்தேன்.

பதினேழாம் நாள் மாமா தோற்றார். ஒரு பீடி, பிறகு ஒரு கட்டு, பிறகு பழையபடி. ஒரு வாரத்தில் வாந்தி நின்றது, தூங்கினார், சாப்பிட்டார். சபை மூப்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "சில பேரு ஒடம்புக்கு பீடி ஒரு சத்து மாதிரி" என்று தீர்ப்புச் சொன்னார்.

இரண்டாம் வருடமும் அதே கதை. இந்தமுறை மூப்பர் கூடுதல் ஆராய்ச்சியோடு வந்தார். "நாப்பது நாள் கணக்குல ஞாயித்துக்கெழமை சேராது தாசு. அன்னிக்கு ஒண்ணு ரெண்டு வலிச்சிக்கினா தப்பில்ல." வேதத்தில் இவ்வளவு தேர்ச்சி உள்ள மனிதரை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் வருடத்தைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இருபத்திரண்டாம் நாள் மாமா சுருண்டு கிடந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவ. நீ சொல்லுடி" என்றாள்.

படித்தவள் எழுந்து பெட்டிக்கடைக்குப் போனாள். ஒரு கட்டு பீடி வாங்கி வந்தாள். "ஒரேயடியா விடாதீங்க மாமா. உங்க ஒடம்பு தாங்கல" என்று சொல்லித் தன் கையாலேயே கொடுத்தாள். அவர் அதை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஈஸ்டர் ஆராதனையில் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

சிலிண்டர்

போன மழைக்காலத்தில் மூச்சு மோசமாகி, கோலாருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நெஞ்சு டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் அவர்.

"தூசிய என்னால எடுக்க முடியாது. பீடிய உங்களால எடுக்க முடியும். எடுக்கலைன்னா அடுத்த வருஷம் வீட்டுல ஆக்சிஜன் சிலிண்டர்தான். மூக்குல குழாயோட கட்டில்லயே கிடக்கணும்" என்றார்.

வரும் வழியில் பஸ்ஸில், பேத்தமங்கலம் தாண்டியதும் மாமா சொன்னார், "இந்த லெந்துல உட்டா உட்டதுதான். நாப்பது நாளுக்கில்ல. சாவற வரிக்கும்."

"உங்களால முடியுமா மாமா?" என்று கேட்டேன். மூன்று வருடம் கவிழ்ந்தவரிடம் வேறென்ன கேட்பது?

"முடியலன்னா நான் ஆம்பளையே இல்ல, உடு" என்றார்.

பஸ் சத்தத்திலும் அவர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அவரை நினைத்து எனக்கு அன்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் பீடியை நினைத்துப் பயந்தேனே ஒழிய, மாத்திரையை நினைக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள்

இப்போது கட்டிலுக்கு வருகிறேன். மடியில் தலையணை, கையில் சிவப்புப் பேனா. பின்கட்டில் மாமா.

நானே தயாரித்த கேள்வித்தாள். ஏழாவது கேள்வி இதுதான்: 'புகை பிடித்துவந்த நோயாளி அதை நிறுத்திவிட்டால், தியோஃபிலின் அளவைக் குறைக்க வேண்டியது ஏன்? இரண்டு மதிப்பெண்.'

படித்துப் பார்த்தீர்களா? நானும் படித்தேன். தாளுக்குத் தாள் படித்தேன். பதினோரு தாளில் டிக் போட்டேன். நாலு பேருக்கு ஒரு மார்க் குறைத்தேன், பதில் முழுமையாக இல்லையாம்.

பன்னிரண்டாவது தாள் ஒரு பங்காருப்பேட்டைப் பெண்ணுடையது. கடைசி பெஞ்சில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றவள். அவளுடைய ஆங்கிலம் அவளுக்கும் எனக்கும் மட்டும் புரிகிற மொழி. தமிழில் சொன்னால் இப்படி எழுதியிருந்தாள்:

'பீடிப் புகையால் கல்லீரல் டபுள் வேலை செய்யும். மாத்திரையைச் சீக்கிரம் உடைத்துவிடும். அதனால் டாக்டர் டோஸ் அதிகம் கொடுத்திருப்பார். பீடி விட்டால் ஒரு வாரத்தில் கல்லீரல் சாதாரண வேலைக்கு வந்துவிடும். டோஸ் மட்டும் அதே. மருந்து ரத்தத்தில் சேர்ந்துபோகும். வாந்தி, நடுக்கம், தூக்கம் இல்லை, நெஞ்சு படபட. வீட்டில் எல்லாரும் பீடி விட்டதால் என்று நினைப்பார்கள். நர்ஸ் அப்படி நினைக்கக் கூடாது.'

கடைசி வரி என்னுடையது. வகுப்பில் மேசையைத் தட்டிச் சொன்ன வரி. தூங்குகிறவள் அதை எப்படியோ பிடித்து வைத்திருந்தாள்.

பேனா இரண்டு என்று எழுதத் தொடங்கி, பாதியில் நின்றது. பின்கட்டில் மாமா மறுபடி ஓங்கரித்தார். அந்த ஒரு தடவைதான் சத்தம் என் மனதில் விழுந்தது.

தலையணை ஒரு பக்கம், தாள்கள் ஒரு பக்கம். முழங்கால் வலியாவது மண்ணாவது, ஓடினேன்.

பின்கட்டில் மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயை இறுக்கி மூடியிருந்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. அக்கா ஒரு பீடியைப் பற்றவைத்து, அவர் உதட்டருகே பிடித்திருந்தாள். அவள் இருமிய இருமலைப் பார்த்தால், வாழ்நாளில் பற்றவைத்த முதல் பீடி அதுதான் என்று தெரிந்தது.

"ஒரே ஒரு இழுப்புங்க. ஞாயித்துக்கெழமதானே. கர்த்தர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீங்க எனக்கு உசுரோட வேணுங்க" என்று அழுதாள்.

மாமா தலையை மட்டும் ஆட்டினார். இல்லை, இல்லை.

பீடியைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நூற்று முப்பதைத் தாண்டி ஓடியது, இடையிடையே தவறியது.

"காலையில மாத்திரை போட்டீங்களா மாமா?"

"போட்டேன். வாந்தி எடுக்கறேன்னு ரூபி இன்னொன்னும் குடுத்தா."

"அடிப்பாவி!" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினேன். பிறகுதான் உறைத்தது, அந்த வார்த்தை யாருக்குப் பொருத்தம் என்று.

ஆட்டோவில் போகும்போது வலிப்பு வந்துவிடுமோ என்று அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ பேரை இப்படிக் கூட்டிப் போயிருக்கிறேன். அன்றுதான் வழியெல்லாம் நாடியை எண்ணி எண்ணித் தப்பவிட்டேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னாடி ஆச்சு? சொல்லித் தொலையேன்" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "மாத்திரை ஜாஸ்தியாயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். மூன்று வருடமாக ஜாஸ்தியாகிக்கொண்டிருந்தது என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் என் மாணவிகள் வயதுப் பையன். ஈசிஜி எடுத்தார், ரத்தத்தை பெங்களூருக்கு அனுப்பச் சொன்னார், மாத்திரையை நிறுத்தினார். வேலையைச் சுத்தமாகச் செய்தார்.

"நீங்களா கண்டுபிடிச்சீங்க சிஸ்டர்? சூப்பர். இது ரொம்ப பேருக்குத் தோணாது" என்றார்.

"முன்னாடியும் இப்படி வந்திருக்கு டாக்டர்."

"எப்போ?"

"மூணு வருஷமா. லெந்துக்கு லெந்து."

அவர் அதற்குப் பிறகு சூப்பர் என்று சொல்லவில்லை.

சாட்சி

நாலு நாளில் மாமா வீடு திரும்பினார். மாத்திரை பாதி அளவாகக் குறைந்திருந்தது. ஊதல் மருந்தை அலமாரியிலிருந்து இறக்கி, எப்படி இழுப்பது என்று அந்த டாக்டர் பையன் பொறுமையாகப் பழக்கிவிட்டிருந்தார். தூக்கம் வந்தது, கத்திரிக்காய்க் குழம்பில்கூட இரண்டாம் தடவை சோறு கேட்டார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புகை, கல்லீரல், குவிந்த மருந்து, நான் வாங்கிக் கொடுத்த பீடிக் கட்டு எல்லாம். எலிப்பொறியா என்று கேட்காமல் அந்த மில்லு உவமையைப் புரிந்துகொண்ட ஒரே மாணவர் அவர்தான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ அந்த மூணு வருசமும் நான் பீடிக்கு ஏங்கி உழுந்தது இல்லியா?"

"இல்ல மாமா. கொஞ்சம் ஏக்கம் இருந்திருக்கும். உங்களைத் தள்ளினது மாத்திரைதான்."

"உம்" என்றார். அவ்வளவுதான். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஈஸ்டர் வந்தது. எங்கள் சபையில் அன்று சாட்சி சொல்லும் நேரம் உண்டு. மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது என்று வரிசையாகச் சொல்வார்கள். தாசு மாமா முன் வரிசையிலிருந்து எழுந்தார். ஆமாம், முன் வரிசை. மைக்கைப் பிடித்தார்.

"நாப்பது நாளு பீடி தொடல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

சபை "அல்லேலூயா" என்றது. மூப்பர் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

"மூணு வருசமா நான் உழுந்து உழுந்து எழுந்தேன். மனசுல பலமில்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்புறம் பார்த்தா மாத்திரை ஓவராம். உங்கள்ல யாராச்சும் இந்த மூச்சு மாத்திரைய துன்னுக்கினு பீடிய உட்டீங்கன்னா, மொதல்ல டாக்டருகிட்ட போய் சொல்லுங்க. பீடிய திரும்பத் தொடாதீங்க, மாத்திரைய கொறைக்கச் சொல்லுங்க." மூச்சு வாங்க நிறுத்திக்கொண்டார். "வாந்தி கீந்தி வந்தா என் மச்சினிச்சி எஸ்தருகிட்ட போங்க. இதப் பத்தி பள்ளிக்கூடத்துல பாடமே எடுக்கறா. கண்டிப்பா கண்டுபுடிப்பா. இன்னா, மூணு வருசம் ஆவும்."

சபையே சிரித்தது. போதகர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பாடகர் குழுவில் சிரித்தார்கள். கூடப் பிறந்த அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெண்கள் வரிசையில் நான் மட்டும் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், ஆள் இல்லாத பக்கமாக அவரை நிறுத்தினேன். எனக்குக் கோபம், அழுகை, இரண்டும்.

"ஏன் மாமா இப்படி என் மானத்த வாங்குனீங்க? தனியா வச்சி நாலு அறை உட்டிருந்தாக்கூட வாங்கிக்கினு இருப்பேனே. இனிமே எப்படி நான் இந்த கோயிலுக்குள்ள தலை நிமிர்ந்து வருவேன்?"

அவர் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. அவசரமில்லாமல் மூச்சை உள்ளே இழுத்து விட்டார்.

"மூணு ஈஸ்டரு நான் இங்க தல குனிஞ்சிக்கினு வந்தேன், எஸ்தரு. நீ ஒரு நாள் குனி."